முதுகு காட்டிய நாலாம் நிமிடம்

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊர்க் கால்பந்துக் கிளப்பின் இணையப் பக்கத்தில் நான்கே வரி வந்தது. பதினாறு வருஷமாகப் பின்களத்தைக் காத்த நாலாம் நம்பர் ஆட்டக்காரரை அணியிலிருந்து விடுவித்திருக்கிறோம், அவருடைய உழைப்புக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். கடைசி வரி, புது சீசனுக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டது என்றது.

மைதானத்தின் கிழக்கு வாசலுக்கு எதிரே இருந்த ஜெர்சிக் கடையில் முதலாளி இதை உரக்கப் படித்தார். பின்னறையில் அணிக்கும் ரசிகர்களுக்கும் ஜெர்சிகளின் முதுகில் பேரும் நம்பரும் தைக்கிற அக்கா மெஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்த எட்டாம் நம்பரைச் சுற்றி வளைத்துத் தைத்து முடித்து, நூலை வெட்டி, துணியை மடித்து வைத்த பிறகுதான், "இன்னொரு தடவ படிங்க அண்ணே" என்றாள்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இந்த வேலைக்கு வருமுன் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் ஏழு வருஷம் காலர் மட்டுமே தைத்துக்கொண்டிருந்தவள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகும்போல இருந்தது. விட்டுவிட்டு இங்கே வந்தாள். கோலுக்கும் கார்னருக்கும் வித்தியாசம் தெரியாத காலம் அது. முதலாளி கொடுத்த ஓசி டிக்கெட்டில் ஒரு நாள் கிழக்கு கேலரியில் போய் உட்கார்ந்தாள். அணி மூன்று கோல் வாங்கிவிட்டது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில், நாலாம் நம்பர் போட்ட இருபது வயதுப் பின்கள ஆட்டக்காரன் ஒருவன் நாலாவது கோலைத் தடுக்க முகத்தையே கொடுத்து விழுந்தான். மூக்கில் ரத்தம். தோற்றதுதான் தோற்றாயிற்றே, இவனுக்கு எதற்கு இந்த வீம்பு என்று பக்கத்தில் இருந்தவர் முனகினார். அந்த வீம்புதான் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் எதையும் அவள் விட்டதில்லை. அந்தப் பையனை எதிரணி தாண்டுவது அபூர்வம் என்பதால் கேலரி அவனுக்குப் 'பூட்டு' என்று பேர் வைத்தது.

அன்று மதியமே கடை சந்தைக்கடை ஆகிவிட்டது. பூட்டுக்கு முப்பத்தாறு வயது, முழங்காலுக்கு அதைவிட அதிகம் என்றார் ஒருவர். மூன்று வாரத்துக்கு முன்புதானே கேப்டன் பட்டை கட்டி இறங்கினார், அதற்குள் எப்படிக் கிழவர் ஆனார் என்றார் இன்னொருவர். ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறார்கள், இணையப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியுமாம் என்று குமுறினார் கிழக்கு கேலரியின் பழைய ஆளான பஸ் டிரைவர். கணக்கு வாத்தியார் நோட்டோடு வந்திருந்தார். போன சீசனில் பூட்டு ஆடிய பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கியிருக்கிறோம், ஆடாத ஆறில் பதினாலு என்று வாசித்தார். எதிர்த்தரப்பின் பேச்சு மறுபடியும் முழங்காலுக்கே வந்தது.

வீட்டிலும் அதே கதைதான். மீட்டர் ரீடிங் எடுக்கும் கொழுந்தன் ஞாயிறுதோறும் சாப்பிட வருவான். கிளப் என்றால் உயிர். கிளப் செய்தது சரி என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"ஆள் பெருசா, கிளப் பெருசா? அதச் சொல்லுங்க அண்ணி."

"கிளப்புன்னா யாரு தம்பி? ஏசி ரூம்ல உக்காந்து நாலு வரி எழுதினவங்களா?"

"வயசானா எடுக்கத்தான் செய்வாங்க. உங்க மெஷின் பழசானா மாத்த மாட்டீங்களா?"

"மெஷினுக்குக் காது கிடையாது. அவருக்கு இருக்கு. எடுக்கட்டும், மூஞ்சியப் பாத்து இதான் காரணம்னு சொல்லிட்டு எடுக்கட்டும். ஊருக்குச் சொன்ன அதே நேரத்துலதான் அவருக்கே தெரியும்னா அது என்ன நியாயம்?"

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு இரண்டு பக்கமும் வேண்டியவர்கள். அவர் தண்ணீர்ச் செம்பை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கிளப்பிலிருந்து கடைக்கு உத்தரவு வந்தது. பூட்டின் பேர் போட்டுத் தேங்கியிருக்கும் ஜெர்சிகளில் பேரைப் பிரித்துவிட்டு, நாலாம் நம்பரை வாங்கியிருக்கும் புதுப் பையனின் பேரைத் தைக்க வேண்டும். பழைய பேரோடு வருகிறவர்களுக்கு முதல் ஆட்டத்தில் வாசலில் அனுமதி இல்லை என்றும் அறிவித்துவிட்டார்கள். முதலாளி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். அக்கா தொடவில்லை.

"தைக்கிறது என் வேல. பிரிக்கிறதுக்கு வேற கையப் பாருங்க அண்ணே."

அன்று சாயங்காலம் டிரைவர் நாலைந்து பேரோடு வந்தார். தங்களிடம் இருக்கும் பூட்டு பேர் போட்ட ஜெர்சிகளை எல்லாம் மைதான வாசலில் குவித்துக் கொளுத்தப் போவதாகச் சொன்னார். எரிக்கிறதுக்கா நான் கண் வலிக்கத் தைத்தேன் என்று கேட்டாள் அக்கா. டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு, வேறு என்னதான் செய்வது என்றார். அவள் சுண்ணக்கட்டியை எடுத்து, வெட்டும் மேஜையில் விரித்திருந்த துணியில் பெரிதாக ஒரு 4 போட்டாள்.

"நம்பர் இதுவே இருக்கட்டும். மேல அவங்கவங்க சொந்தப் பேரு. சொந்தப் பேரப் போடாதேன்னு எந்தக் காவக்காரன் சொல்வான்? நாலாவது நிமிஷம் வந்ததும் எழுந்து திரும்பி நிப்போம். ஒரு நிமிஷம் அவங்க நம்ம முதுகப் படிக்கட்டும்."

பதினோரு நாளில் முந்நூற்று நாற்பது ஜெர்சி தைத்தாள். கணக்கு வாத்தியார் தன் பேர் வேண்டாம், இறந்துபோன மனைவியின் பேரைப் போடச் சொன்னார். அவரை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிவந்தது அந்த அம்மாதானாம்.

செய்தி கிளப்புக்குப் போகாமல் இருக்குமா? விற்பனை மேனேஜர் போன் செய்தார். அந்தத் தையல்காரியை நிறுத்தாவிட்டால் கிளப் ஜெர்சி விற்கும் உரிமை கடைக்கு இல்லை என்றார். முதலாளி பின்னறைக்கு வந்து, நின்றபடியே, கொஞ்ச நாள் வீட்டில் இரும்மா என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா மெஷினை அணைத்தாள். ஆர்டர் எழுதும் நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"இருக்கேன் அண்ணே. பதினேழு வருஷம் வேல பாத்தவள எதுக்கு நிறுத்தறீங்கன்னு இதுல எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். தேதி எழுதினார். அவள் பேரை எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் அவர் போனில் பேசுவது கேட்டது: "அந்தம்மாவ அனுப்பினா நான்தான் சார் மெஷின்ல உக்காரணும். எனக்கு நேராத் தைக்க வராது. உங்க பதினோரு பேரும் கோணலாத்தான் இறங்குவாங்க." சீசன் தொடங்க மூன்று நாளே இருந்ததால், மேனேஜரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் ஆட்டத்தன்று வாசற்காவலர் ஒவ்வொரு முதுகாகப் படித்தார். அக்காவின் முதுகை இரண்டு தடவை படித்தார். ஆயிரக்கணக்கானவர்களின் பேரைத் தைத்தவள், தன் பேரைத் துணியில் தைத்தது அதுவே முதல் முறை. தடை செய்த பேர் என்று கிளப் எழுதிக் கொடுத்த தாளில் அது இல்லாததால் காவலர் வழிவிட்டார்.

அவளுக்கு மூன்றாவது வரிசை. கடிகாரம் நாலைக் காட்டியதும் எழுந்து திரும்பினாள். எதிரே, மேலே மேலே, கேலரி முழுக்க முகங்கள். யாரும் அசையவில்லை. போனால் போகிறது, தனியாகவே நிற்போம் என்று கம்பியை இறுகப் பிடித்தாள். அப்போது டிரைவர் திரும்பினார். அடுத்து வாத்தியார். பிறகு வரிசை வரிசையாக முகங்கள் மறைந்து முதுகுகள் வந்தன, முதுகெல்லாம் நாலு.

சரியாக அந்த நேரம் பார்த்து, எதிர்க் கேலரி கூரை பிளக்கக் கத்தியது. கோல். நமக்கா அவர்களுக்கா என்று பக்கத்துப் பெண் பதறினாள்.

"யாருக்கோ. நிமிஷம் முடியட்டும்" என்றாள் அக்கா.

கோல் சொந்த அணிக்குத்தான். கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி அடித்தவன், சாட்சாத் அந்தப் புது நாலாம் நம்பர். ஆட்டத்தையும் சொந்த அணியே ஜெயித்தது.

பூட்டு திரும்பி வரவில்லை. வேறு ஊரில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் சேர்ந்துவிட்டார். கிழக்கு கேலரிக்கு அவரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை என்று டிரைவருக்கு வருத்தம். நன்றி கேட்டா நின்றோம் என்று அக்கா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். கிளப்பும் வருத்தம் தெரிவிக்கவில்லை. பேரைப் பிரிக்காத அந்த மூட்டையை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"சீசனோட முதல் கோல் முதுகுக்குப் பின்னாலயே போயிடுச்சே அண்ணி."

"போகட்டும். அந்தப் பையன் நல்லாத்தான் ஆடறான். அவனுக்கும் ஒரு நாள் முப்பத்தாறு வயசாகும். அவன இப்படி நாலு வரில அனுப்பினாலும் எழுந்து நிப்பேன்."

"அப்ப உங்களுக்கு அறுபது தாண்டியிருக்கும்."

"கம்பி எதுக்கு இருக்கு? பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

கணவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அவ்வளவு சத்தத்துல ஒருத்தர்கூடவா திரும்பிப் பாக்கல?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர் பாத்தாங்க" என்றாள் அக்கா. "யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்."