பத்துக்கு மூன்று மார்க் முகம்

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வசந்தா போனும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"சார், எங்க தேவிக்கு மூணு மார்க் போட்டுக்கிறானுங்க சார். பத்துக்கு மூணு!"

"எந்தப் பரீட்சையிலம்மா?"

"பரீட்சையா? மூஞ்சிக்கு சார்!"

தேவிகா அவருடைய மகள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. கவரைப்பேட்டையில் எங்கள் தெருமுனையில்தான் கம்பெனி பஸ் ஏறுவாள். ஏறியவுடன் ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடவேண்டும் — ஒப்பந்தக்காரருக்கு அதுதான் வருகைப் பதிவு. தூக்கம் கலையாத கண், எண்ணெய் வழியும் நெற்றி... அந்தப் படத்தை யாரோ உருவி, வேறொரு ஆப்பில் 'பஸ் அழகிகள்' என்ற குரூப்பில் ஏற்றிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் மார்க் போடலாம். மூக்குக்குத் தனி விமர்சனம். நிறத்துக்குத் தனி.

அதைப் பார்த்த நாளிலிருந்து தேவிகா வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

நானும் அரசு அலுவலகத்தில் மதிப்பிட்டு, மதிப்பிடப்பட்டு ஓய்வு பெற்றவன். எங்களை மதிப்பிடும் ரகசிய அறிக்கையில்கூட, எழுதிய அதிகாரி கீழே கையெழுத்துப் போட்டாக வேண்டும். பிடிக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. இங்கே? தேவிகாவுக்கு இரண்டு மார்க் போட்ட ஒருவர் தன் முகத்துக்குப் பதிலாகச் சிங்கத்தின் படத்தை வைத்திருக்கிறார்!

வழிமுறையைச் சொன்னேன். ஸ்கிரீன்ஷாட், லிங்க், சைபர் கிரைமில் புகார், ஆப் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு ஒரு மனு. முக்கியமாக, அந்தப் படத்துக்கு நம் பக்கத்திலிருந்து யாரும் மார்க்கோ பதிலோ போடக்கூடாது.

"அதெல்லாம் லேட்டாவும் சார். எங்க ஜனத்துக்கெல்லாம் போன் போட்டுக்கினு இருக்கேன். ஆரணில அண்ணன் ஊடு, பெரியபாளையத்துல சித்தி ஊடு... ஆளுக்குப் பத்து மார்க். ஏத்திடுவோம்!"

"வேண்டாம்மா..."

"நீங்க மனுவ எழுதுங்க சார். நாங்க மார்க்க ஏத்துறோம்."

ஏற்றினார்கள். மாமன், மச்சான், ஒன்றுவிட்ட தங்கை — ஒருவர் பாக்கியில்லை. ஆனால் அதிகம் பேர் மார்க் போடும் படத்தைத்தான் அந்த ஆப் தூக்கி மேலே வைக்கும். பாசத்தில் போட்டதா, வன்மத்தில் போட்டதா என்று அது பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை குரூப்பின் முதல் படம் தேவிகா. பஸ்ஸில் வருகிறவர்கள் மட்டும் பார்த்த முகத்தை, இப்போது தொழிற்பேட்டையே பார்த்தது.

"இன்னா மச்சான், குடும்பமே ஓட்டு போட்டுக்கீது!" என்று கீழே ஒருவன் எழுதியிருந்தான்.

"ரேஷன் கார்டுல எத்தினி பேருடா?" என்று இன்னொருவன்.

சனிக்கிழமை மாலை படம் நீக்கப்பட்டது. என் மனுவுக்கு ஆப் கம்பெனியிலிருந்து பதிலும் வந்தது. படத்தை உருவிப் போட்டவன் யார் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. இருந்தாலும் நீக்கிவிட்டார்களே என்று வசந்தா வீட்டுக்கு நடந்தேன்.

கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி.

"கடசியா எவ்ளோ சார் இருந்துச்சு?"

"ஏழு" என்றேன். ஆம்... நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

வசந்தாவின் முகம் மலர்ந்தது. உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "தேவி, கேட்டியா? ஏழாம்டி! தைரியமா வேலைக்குப் போ!"

கதவுக்குப் பின்னாலிருந்து தேவிகாவின் குரல் வந்தது. அழுகை இல்லை, கோபமும் இல்லை.

"நம்ம ஜனம் போட்டத கழிச்சுட்டுப் பாரும்மா. அதே மூணுதான்."

படத்தை எதிர்த்து மனு எழுத எனக்குத் தெரியும். மார்க்கை நம்பிவிட்டவளுக்காக யாருக்கு எழுதுவது?

திங்கட்கிழமை கம்பெனி பஸ் தெருமுனையில் ஒரே ஒரு ஹாரன் அடித்துவிட்டு அவள் இல்லாமலே கிளம்பியது — அவ்வளவுதான் அவளுக்காகக் காத்திருந்தது.