நைனாவின் டேப்பும் அம்மாவின் வலது காதும்

சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை எழுந்தால், நைனா நெடுநேரமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு, இறால் நன்றாகப் பட்ட ஒரு வருடம் அவர் வாங்கி வந்த இரட்டை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரைத் தெருவே "ரெண்டு கண்ணு செட்டு" என்று அழைத்தது. உப்புக்காற்று படாமல் என் பழைய பாவாடையால் அதைப் போர்த்தி வைப்பதும், குரல் இழுத்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைப்பதும் என் வேலை. அந்த வயதில் அதைவிட நான் நேசித்த பொருள் வேறில்லை.

நைனா விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் அது எனக்கும் அம்மாவுக்கும் சொந்தம். அவர் கரையில் இருந்தால், அம்மாவை அடிப்பதற்கு முன் எழுந்து போய் அதன் சத்தத்தை முழுக்கத் திருப்பி வைப்பார். கன்னத்தையும் காதையும் சேர்த்து அறைவார், முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவார். பாடகர்கள் காதலைப் பற்றிப் பாடிக்கொண்டே இருப்பார்கள். ஓய்ந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி அந்தப் பாட்டைத் தானும் சேர்ந்து பாடுவார். மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு ராணி அக்கா, "நேத்து உங்க வூட்ல ஒரே பாட்டு போல கீது" என்பாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கட்டிக் கிடந்தன. ஆண்கள் பகலிலேயே குடித்தார்கள். ஒரு மத்தியானம் சோற்றில் கல் கடிபட்டதென்று நைனா தட்டை வீசிவிட்டுப் பாட்டைப் போட்டார். அன்றைக்குக் கையால் அடிக்கவில்லை, படகுக் கயிற்றை எடுத்தார். அம்மா சுருண்டு விழுந்த பிறகும் வயிற்றில் உதைத்தார். நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு பாதியில் அறுந்தது. அம்மாவின் அலறல் தெருமுனைவரை போனது.

"போட்றி அத" என்றார் நைனா.

நான் வயரை விடவில்லை. கயிறு என் முகத்தில் விழுந்து உதடு கிழிந்தது. அம்மா எப்போது எழுந்தாள் என்று நான் பார்க்கவில்லை. டேப்பின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றியதைத்தான் பார்த்தேன். முதல் அடி தாடையில். அவர் விழுந்ததும் இரண்டாவது அடி நெற்றியில். ஸ்பீக்கர் ஒன்று கழன்று ரத்தத்தின் மேல் உருண்டது. மூன்றாவதாக ஓங்கியபோது அவள் கையில் கைப்பிடி மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

ராணி அக்கா வாசலுக்கு ஓடிவந்து, "இன்னாடி பண்ணிட்ட?" என்றாள்.

"உசுரோடதான் கீறான். ஆட்டோ கூப்டு."

தாடை கோணிய நைனா, படகில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார். வீட்டுக்குள் அவர் திரும்பவே இல்லை. தடைக்காலம் முடிந்ததும் விசாகப்பட்டினத்துப் படகொன்றில் ஏறிப் போனார். எப்போதாவது வருவார், வாசலிலேயே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார். நான் அவருக்காக அழவில்லை, டேப்புக்காக அழுதேன். அம்மாவோ, டீக்கடையில் அந்தப் பாட்டுகளில் ஒன்று கேட்டால் போதும், மீன்கூடையோடு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

நான் அழுததைப் பார்த்துவிட்டு, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்கிக்கொண்டிருந்த சேகர் மாமா, அம்மாவின் தம்பி, கப்பல்காரன் ஒருவன் விற்ற பழைய வாக்மேனைக் கொண்டுவந்து கொடுத்தார். "யக்கா, இது வெளிய கேக்காது. காதுக்குள்ளயே பாடும்."

உள்ளே ஒரு கேசட் இருந்தது. அதன்மேல் இருந்த எழுத்து எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எந்த நாட்டுக்காரியோ, அடித்தொண்டையில் ஒருத்தி பாடினாள். பின்னால் ஒரு மேளம் யாரோ நிதானமாக நடந்து வருவதுபோல் வந்தது. நான் கேட்டுவிட்டு இயர்போன் குமிழ்கள் இரண்டையும் அம்மாவின் காதுகளில் வைத்தேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொல்றா இவ?"

"தெர்லம்மா."

"தெரியாம இருக்கறதே நல்லா கீது."

சற்று நேரத்தில் இடப்பக்கத்துக் குமிழை எடுத்து உதறினாள். "இது ரிப்பேரு போல. மாமாவாண்ட சொல்லி மாத்திக்கினு வரச் சொல்லு."

வாங்கி என் காதில் வைத்தேன். அந்தப் பெண் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். என் முகத்திலிருந்தே அவள் புரிந்துகொண்டாள். இடது காதை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"சரி, அத நீயே வச்சிக்க" என்றாள்.

அதன் பிறகு இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு. மொழி புரியாத கேசட்டுகளாகத் தேடி மாமா கொண்டுவந்தார். ஊதுகுழல், கம்பி வாத்தியம், கூட்டமாகப் பாடும் ஆண்கள் என்று தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, பேர் தெரியாத ஊர்களின் பாட்டையெல்லாம் கேட்டோம்.

எங்கள் வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே இப்போது பாறாங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. நைனா இறந்துவிட்டார். வாக்மேன் எந்த வீடு மாற்றலில் தொலைந்ததென்று தெரியவில்லை. மீஞ்சூரில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு, கீழ் வீட்டில் ஓடும் டிவிகூட அரைகுறையாகத்தான் கேட்கிறது. அப்படியும் எந்த வீட்டிலாவது பாட்டுச் சத்தம் திடீரென்று ஏறினால் எழுந்து போய்க் கதவைத் தட்டுவாள். "உம் பொண்டாட்டிய கூப்டுப்பா, பாத்துட்டு போறேன்" என்பாள். பெரும்பாலும் வெறும் பாட்டுதான். அந்தப் பெண் கரண்டியோடு வந்து சிரிப்பாள், அம்மாவும் திரும்பிவிடுவாள். போன மாதம் ஒரு வீட்டில், பெண்டாட்டி தூங்குகிறாள் என்றான் கதவைத் திறந்தவன். அந்தப் பெண் எழுந்து வரட்டும் என்று அம்மா அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.