வாய் திறக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

போன வாரம் கும்மிடிப்பூண்டி பைபாஸில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். உங்களுக்கு மல்லிகை வாசம் எதையாவது ஞாபகப்படுத்தும். எனக்குத் தைலம்தான், பிள்ளைகள் முழங்காலில் அதைத் தேய்த்துக்கொண்டு நின்ற பழைய வாலிபால் மைதானத்தை. வாய்த்தது அவ்வளவுதான்.

அப்போது நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் பெண்கள் வாலிபால் குழுவுக்குக் கோச். சத்தமாகக் கத்தத் தெரியும், அதுவே தகுதி. சுற்றுவட்டாரக் கோச்சுகள் எல்லாரும் ஏறக்குறைய என்னைப் போலத்தான். தெரிந்த கொஞ்சத்தையும் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். ஆர்.கே.பேட்டைக்காரர் இருக்கிறாரே, வேற்றூர் ஆள் மைதானத்தில் தலைகாட்டினால் போதும், ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிடுவார். ஒருமுறை நான் நின்ற அரை மணி நேரமும் அந்தப் பிள்ளைகள் தண்ணீர்தான் குடித்தார்கள்.

இதை உடைத்தவர் எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணியின் கோச் எஸ்தர். கையுறைக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. குறை கண்டுபிடித்தே பழகிய கண். ஒரு போட்டி முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போது சொன்னார்: "நம்ம தப்பு நமக்குத் தெரில ணா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம ஒருத்தர் கிரவுண்டுக்கு இன்னொருத்தர் போய் குந்திக்கினு பாக்கலாம். வாயத் தொறக்கக் கூடாது. முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும்." ஆர்.கே.பேட்டைக்காரர்கூடத் தலையாட்டினார்.

எங்கள் மைதானத்துக்கு முதலில் வந்ததும் எஸ்தர்தான். அப்போது எனக்கிருந்த தலைவலி தேவி. எங்கள் லிஃப்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். நல்ல கை, ஆனால் எப்போதும் அரை நொடி தாமதம். மாவட்டப் போட்டிக்கு அவளை நீக்கிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். "டீம்ல பேர் இருந்தா ஆடு, இல்லன்னா ஆட்டத்த உட்டுட்டு வேலைக்குப் போ" என்று அவள் அப்பா என் எதிரிலேயே சொல்லியிருந்தார். நீக்கினால் அவள் ஆட்டம் அதோடு சரி. தெரிந்தேதான் முடிவெடுத்தேன்.

கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் எஸ்தர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆள் பார்க்கிறதே என்று நான் வழக்கத்தைவிட அதிகமாகவே கத்தினேன். முடிந்ததும் சொன்னார்: "அந்தப் பொண்ணு பந்தப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சப் பாக்குது ணா. அதான் லேட்டு."

சுருக்கென்றது. "இன்னா எஸ்தரு, உன் டீமு ஜெயிக்கணும்னு என்னியே கொற சொல்றியா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒண்ணுதான் சொல்லணும். சொல்ட்டேன்" என்று பஸ் ஏறப் போய்விட்டார்.

அடுத்த மாதம் நான் ஆரணிக்குப் போகும் முறை. பதிலுக்குக் குறை கண்டுபிடித்தே தீருவது என்றுதான் போனேன். போனால் கோச்சையே காணோம். பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே தள்ளி நின்றிருந்தார். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டு ஆடினார்கள். அந்த ஒன்றைச் சொல்லும் முறை எனக்கு வந்தபோது, "நல்லாத்தான் கீது" என்றேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் எங்கள் மைதானத்தில் நானும் பின்னால் போய் நின்றேன். வாய் சும்மா இருக்காதே, கடலை மிட்டாயைப் போட்டு அடக்கினேன். அந்த மாதம் பல்வலி வந்தது தனிக்கதை. முதல் இரண்டு நாள் தேவி திரும்பித் திரும்பி என்னைத் தேடினாள். மூன்றாம் நாள், "ஏய், எனக்கு உடு!" என்று ஒரு சத்தம். இரண்டு வருடத்தில் மைதானத்தில் அவள் குரலை அன்றுதான் கேட்டேன். என் கத்தலில் அவள் எங்கே பேசியிருப்பாள், பாவம். போட்டிப் பட்டியலில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

அரையிறுதியில் நாங்கள் ஜெயித்தது ஆரணியைத்தான். எஸ்தர் தேவியின் தோளைத் தட்டிவிட்டு என்னிடம் வந்து, "நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் ணா" என்று சிரித்தார். தோற்றுவிட்டு அப்படிச் சிரிக்கும் மனசு எனக்கு அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் சந்தேகம்தான்.

நாலைந்து வருடம் நடந்தன அந்த ஞாயிற்றுக்கிழமைகள். பிறகு எஸ்தர் குடும்பத்தோடு நெல்லூர்ப் பக்கம் போய்விட்டார். எங்கள் மைதானத்தில் கிடங்கு கட்டிவிட்டார்கள். கோச்சுகளுக்கு இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தினமும் கோப்பையும் மாலையுமாகப் படங்கள் வருகின்றன. தோற்றவர் யாரும் அதில் இல்லை போலிருக்கிறது.

தேவி இப்போது பொன்னேரிப் பக்கம் ஒரு குழுவுக்குக் கோச். நேற்று போன் செய்து, "ஞாயித்துக்கெழம உன் கிரவுண்டுக்கு வந்து சும்மா குந்திக்கினு பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? வீடியோ அனுப்பறேன்" என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள்.

வந்தது. பாட்டெல்லாம் சேர்த்து அரை நிமிடம், ஜெயித்த புள்ளிகள் மட்டும். நாலு தரம் பார்த்தேன். அவள் பிள்ளைகள் பக்கம் ஒரு பந்துகூடக் கீழே விழவில்லை. தப்பையெல்லாம் வெட்டிவிட்ட ஆட்டத்தில் அந்த ஒன்றை எங்கே தேடுவது? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவைத்தேன்.