பீமன் பனியனைக் கழற்றிய நாள்

எங்கள் தெரு சுப்புராயன் அண்ணன் விக்கிரவாண்டியில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் பீமன்தான். கெடாருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும். பகாசுரனைக் கொல்லப் போகிற பீமன் வேஷத்தில் அண்ணன் அன்றைக்கு மாட்டுவண்டியில் ஏறித் தெருத் தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு பெண்கள் சோறும் குழம்பும் கொடுப்போம். ஒரு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது முறை. அண்ணன் மிச்சம் வைத்ததே கிடையாது. நூற்றுப் பதினாறு கிலோ ஆள். வெற்று உடம்பில் சந்தனம் பூசிக்கொண்டு அவர் உட்கார்ந்தால் மாடு இரண்டும் திரும்பிப் பார்க்கும்.

போன திருவிழாவில் அவரால் வண்டி ஏற முடியவில்லை. சர்க்கரை வியாதி, முட்டி வலி. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். அன்று சாயந்திரம் கோயிலில் கண்ணீர் விட்டபடி நின்றார்.

"தாயே, அடுத்த தபா என் கால்லயே நான் வண்டி ஏறணும். நீதான் ஏத்தணும்."

அதோடு தான் போடுகிற பரோட்டாவைத் தானே தொடுவதில்லை. விழுப்புரத்து டாக்டரம்மா சொன்னபடி கேப்பைக்களி, கீரை, அளவாகச் சோறு. விடிந்ததும் ஏரிக்கரையில் நடை. முதலில் பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தவர், போகப்போக நாய்களை முந்திக்கொண்டு நடந்தார். இரண்டு வருஷத்தில் எழுபத்திரண்டு கிலோவுக்கு இறங்கினார். சர்க்கரை அடங்கியது. அம்மன் கைவிடவில்லை.

ஆனால் சதை போன வேகத்துக்குத் தோல் போகவில்லை. வயிற்றுத் தோல் காலி மூட்டை போல மடிந்து தொங்கியது. கையைத் தூக்கினால் அடித்தோல் வீசின பரோட்டா மாவு மாதிரி ஆடியது. அது முழுசாகச் சுருங்காது, வேண்டுமானால் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அண்ணன் தெருக்குழாயில் குளிப்பதை நிறுத்தினார். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்டார்.

"என் எதிர்லயே சட்டய கழட்ட மாட்றாரு அக்கா. புதுப்பொண்ணு கணக்கா கதவ சாத்திக்கிறாரு" என்று அவர் மனைவி வெள்ளையம்மாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை திருவிழா நெருங்கியதும் விழாப் பொறுப்பாளர் சீனுவாசன் வந்தார்.

"சுப்பு, தப்பா நெனச்சுக்காத. பீமன்னா தொப்ப வேணுமில்ல? லாரி ஷெட்டு அய்யப்பன் நான் ஏர்றேன்றான்."

"வேண்டுதல் கீது சீனு. இந்த தபா நான்தான் ஏறணும்."

"அப்ப தலகாணிய கட்டிக்க."

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தலையணை கட்டினால் மேலே பனியன் போடலாம். பனியன் போட்டால் தோல் தெரியாது. வெள்ளையம்மாள் முழுக்கைப் பனியனுக்குச் சந்தன நிறத்தில் சாயம் போட்டாள். தலையணைக்கு நாடா தைத்துக் கொடுத்தது நான்தான். அந்தத் தப்பில் எனக்கும் பங்குண்டு.

திருவிழா அன்று அண்ணன் கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே எட்டில் வண்டியில் ஏறினார். ஊரே கை தட்டியது. நான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். நாலு வீடு தாண்டவில்லை, வேர்வையில் நாடா வழுக்கத் தொடங்கியது. ஐந்தாவது வீட்டுக் கிளியம்மாள் குழம்புச் சட்டியோடு நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா பீமா, தொப்ப முதுகுப் பக்கம் போய்க்கினு கீது?"

தெருவே சிரித்தது. "தலகாணி பீமன்! தலகாணி பீமன்!" என்று அய்யப்பன் கத்த, பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பனியனை இழுத்து இழுத்து வயிற்றை மூடினார். இறங்கி ஓடிவிடுவாரோ என்று எனக்குப் பயம். 'தாயே, பாதியில் விட்டுவிடாதே' என்று வேண்டிக்கொண்டேன்.

அண்ணன் கோயில் பக்கம் ஒரு தரம் பார்த்தார். எழுந்தார். பனியனைக் கழற்றினார். தலையணையை அவிழ்த்து அய்யப்பன் மேல் எறிந்தார்.

"இந்தா, வச்சிக்கினு தூங்கு."

மூன்று மடிப்பாகத் தொங்கிய தோலை எல்லாரும் பார்த்தோம். அண்ணன் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கோங்க! இதுக்குள்ள ஒரு பகாசுரன் குந்திக்கினு இருந்தான். நாப்பத்துநாலு கிலோ! நீங்க போட்ட சோத்தையெல்லாம் அவன்தான் துன்னான். ரெண்டு வருசம் சண்ட போட்டு கொன்னுட்டேன். இதோ, அவன் தோலு!"

சொல்லிவிட்டு ஒரு ஆட்டு ஆட்டினார் பாருங்கள்!

"கோவிந்தா!" என்று முதலில் கத்தியது கிளியம்மாள்தான். பிறகு ஊர் மொத்தமும் கோவிந்தா போட்டது. அய்யப்பனே சந்தனக் கிண்ணத்தோடு வண்டியில் தாவி ஏறினான். மடிப்பை விரித்து விரித்துப் பூசினான்.

"அண்ணே, ஆளு பாதியா பூட்ட, சந்தனம் டபுளா புடிக்குதே!"

"ஜல்தி பூசுடா, குழம்பு ஆறுது."

அன்றைக்கு வீட்டுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு கவளம்தான் அண்ணன் வாயில் போட்டார். மிச்சமெல்லாம் பிள்ளைகளுக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பீமன் சோற்றை வயிறாரத் தின்றது அந்த வருஷம்தான்.

மறுநாள் காலையில் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனேன். அண்ணன் வெற்று உடம்போடு குந்தியிருந்தார். வெள்ளையம்மாள் மடிப்பு மடிப்பாகத் தூக்கிச் சந்தனத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய தூக்குங்க. இங்க இன்னும் ஒரு கிண்ணம் சந்தனம் கீது" என்றாள்.

அண்ணன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.