கரி ரூமில் ஆள் மாறும் முறை

கோடைக்கானலில் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும். அதனால் நாங்கள் வேலை பார்த்த ஓட்டலில், துவைத்த படுக்கை விரிப்புகளைக் காயவைப்பதற்கென்றே லாண்டரிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருந்தது. உள்ளே வரிசையாகக் கொடிகள், கீழே கரியடுப்புகள். ஜன்னல் கிடையாது, சூடு போய்விடுமாம். நாங்கள் அதைக் கரி ரூம் என்போம்.

கொஞ்ச நேரம் உள்ளே நின்றாலே கண் எரியும், தலை கனக்கும். அதற்காக எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஒரு கொடித் துணி காய்ந்ததும், உள்ளே இருப்பவர் அதை அள்ளிக்கொண்டு வெளியே வந்து இஸ்திரி மேஜையில் நின்றுகொள்வார். மேஜையில் நின்றவர் ஈரத்துணியோடு உள்ளே போவார். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

நானும் என் மனைவியும் அங்கேதான் வேலை செய்தோம். இருவருக்கும் ஊர் மலையடிவாரத்தில் கன்னிவாடிப் பக்கம். கல்யாணமாகியும் சேர்ந்து இருக்க இடமில்லாத புருஷன் பெண்டாட்டி நாங்கள். அவள் பஜாரில் அவளுடைய அத்தை வீட்டில் படுத்துக்கொள்வாள். நான் லாண்டரிக்குப் பின்னால் ஆம்பிளைகள் கொட்டகையில். ஓட்டலுக்குச் சொந்தமான லைன் வீடு ஒன்று பேரி மரத்தடியில் பூட்டிக் கிடந்தது. ஆனால் அது பெர்மனென்ட் ஆனவர்களுக்குத்தான். நாங்களோ சீசனுக்குச் சீசன் எடுக்கிற ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். அடுப்பு எந்த மூலையில், குடம் எந்த மூலையில் என்றெல்லாம் அவள் முடிவு செய்துவிட்டாள். சாவி மட்டும்தான் பாக்கி.

அறுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து புது மேனேஜர் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். விரிப்பு ஈரமாக இருக்கிறது என்று ரூமுக்கு ரூம் புகார் வந்துகொண்டிருந்த நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி லாண்டரியில் வந்து நின்று கவனித்தார். பிறகு இரண்டு காரியம் செய்தார். துணி பிழிகிற மெஷின் ஒன்று வாங்கிப் போட்டார். ரப்பர் உருளை இரண்டு, சுற்ற ஒரு கைப்பிடி. அதுவரை ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கித்தான் பிழிவோம். அடுத்ததாக எங்கள் முறையில் கை வைத்தார்.

"ஆள் மாறி மாறிப் போறதுலயே பாதி டைம் வேஸ்ட் ஆகுது. ஒருத்தருக்கு ஒரே வேலைன்னா கை பழகும், ஸ்பீடு தானா வரும். சீசன் முடியட்டும், நல்லா செய்றவங்களை பெர்மனென்ட் பண்றேன்" என்றார்.

துணி விரிப்பதிலும் எடுப்பதிலும் அவளைப் போல் வெரசா செய்கிற ஆள் கிடையாது. அவளைக் கரி ரூமில் போட்டார். என்னை இஸ்திரியில் போட்டார்.

வேலை பறந்தது. மதியத்துக்குள் விரிப்பெல்லாம் மடித்து அடுக்கியாகிவிடும். புகார் நின்றது. மேனேஜர் வந்து எல்லார் முதுகிலும் தட்டிக்கொடுத்து, பேக்கரி பன் வாங்கித் தந்தார். அவள் சிவந்த கண்ணோடு கதவடியில் நின்று தின்றாள். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நேரே மேனேஜரிடம் போனேன்.

"அவளை வெளிய விட்டுட்டு என்னை உள்ள போடுங்க சார்."

"உன்னை மாதிரி இஸ்திரிக்கு வேற ஆள் ஏதுப்பா? இந்த சீசன் மட்டும் பொறுத்துக்கோ."

நான் குரலை உயர்த்துவதற்குள் அவள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. உங்க கோவத்தால வீடு போயிரும். ஒரு சீசன் சோலிதான? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா, அப்புறம் நம்ம வீட்டுல நிம்மதியாக் கெடக்கலாம்."

சீசன் முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் இருவரையும் பெர்மனென்ட் ஆக்கினார் மேனேஜர். சாவியை அவளிடமே கொடுத்தார். அன்று அவள் உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தாள். ஏற்கனவே முடிவு செய்திருந்த அதே மூலையில்தான் அடுப்பு. ஊதுகுழலை எடுத்து ஊதினாள், ஊத மூச்சு இல்லை. நான் வாங்கி ஊதினேன். அவள் சிரித்தாள்.

அந்த வீட்டில் அவள் மார்கழிப் பனி வரைக்கும்தான் இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர், புகையால் நெஞ்சு முழுக்கக் கெட்டுவிட்டது, இந்தக் குளிரைத் தாங்காது என்றார். தாங்கவில்லை. கீழே கன்னிவாடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு, நான் மட்டும் பஸ் ஏறி வந்தேன்.

அடுத்த சீசனில் கரி ரூமுக்கு நிரந்தரமாகப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. "மாறி மாறின்னாப் போறோம்" என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். பழைய முறை திரும்ப வந்தது. ஓட்டலில் ஒரு ரூம் காலி இல்லை. வேலை பிந்தும் என்றுதான் நினைத்தோம். பிந்தவில்லை. போன வருஷம் போலவே மதியத்துக்குள் முடிந்தது.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் பிழிகிற மெஷினின் உருளை கிழிந்து, மதுரைக்கு ரிப்பேருக்குப் போனது. மறுபடி கையால் பிழிந்தோம். துணி சொட்டச் சொட்டக் கொடிக்குப் போனது, சாயங்காலம் வரை காயவில்லை. மெஷின் திரும்பி வந்ததும் வேலை மறுபடி பறந்தது. அப்போதுதான் புரிந்தது. வேகமெல்லாம் அந்த ரப்பர் உருளையால் வந்தது. ஆளை ஒரே இடத்தில் நிறுத்தியதால் அல்ல.

மேனேஜருக்கும் புரிந்துவிட்டது. மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப அவள எதுக்கு சார் உள்ள வச்சிருந்தோம்?" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் மெஷின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் உள்ளே இருந்த பெண் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்தது என் முறை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கரி ரூமுக்குள் போனேன். அங்கே யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.