கயிற்றுச் சுவர்

எங்கள் புது வீட்டில் முதலில் மூன்று அறைகள்தான் இருந்தன. சீமெந்து இனி வராது என்று ஊருக்கே தெரிந்த பிறகு அவை நான்காயின. ஒளித்து விற்கிறவர்களிடமும் அகப்படாது என்றானபோது ஆறாயின. எனக்கு அப்போது பத்து வயது. வீடு பெருகப் பெருக எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

வீடு என்று நான் சொல்வது, புத்தூரில் அம்மாவின் சீதனக் காணியில் அடித்திருந்த முளைகளையும் அவற்றைச் சுற்றி முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய தும்புக் கயிற்றையும்தான். முந்திய வருடம் சண்டை திரும்பத் தொடங்கியபோது, காங்கேசன்துறைப் பக்கத்தில் நாங்கள் இருந்த கல்வீட்டை விட்டு, இரண்டு சைக்கிளும் ஒரு றங்குப்பெட்டியுமாகப் புறப்பட்டு வந்தோம். புத்தூரில் பெரியம்மா தன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கித் தந்தார். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் அதற்குள்தான். விட்டுவந்த வீடு ஒருவரும் போகமுடியாத பகுதிக்குள் அகப்பட்டுவிட்டது.

போனது வெறும் வீடல்ல, அக்காவின் சீதனம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பார். வீடில்லாத குமருக்குக் கலியாணம் ஒப்பேறுவது கஷ்டம். அக்காவுக்கு நெல்லியடியில் ஒரு வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். அவர் ஒருமுறை எங்களிடம் வந்துபோனதிலிருந்து அக்கா பாத்திரம் கழுவும்போதும் தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் நல்ல மனிதர்கள். எங்கள் வீடு பறிபோனது தெரிந்தும் பேச்சை முறிக்கவில்லை. பிள்ளைகள் குடியிருக்க ஒரு வீட்டை மட்டும் போட்டுவிடுங்கள், தை மாதம் வரைக்கும் பொறுக்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அப்பா பதினெட்டு வருடம் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலை முடிந்து வரும்போது அவருடைய புருவமும் காது மயிரும் சாம்பல் பூத்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு இப்போது ஒரு பை சீமெந்துக்கு வழியில்லை. குடாநாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று அரசாங்கம் தடுத்த சாமான்களில் அதுவும் ஒன்று. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சைக்கிளில் அலைந்துவிட்டு, வெறுங்கையோடு வந்து அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

அம்மாதான் வழி சொன்னாள்.

“மண்சுவரெண்டாலும் பரவாயில்லை. ரெண்டறையும் சமைக்க ஒரு குசினியும் காணும். மேலுக்குப் பனையோலையாலை வேய்ஞ்சு விடுவம். பிள்ளையைக் கரையேத்தினாச் சரி.”

“உலகத்துக்கெல்லாம் சீமெந்து அரைச்சுக் குடுத்தவன் நான். என்ரை பிள்ளைக்கு மண் வீடோ?” என்றார் அப்பா.

“எனக்கு மண் வீடு காணுமப்பா” என்று அக்கா சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், ஒருமுறைதான் சொன்னாள். அப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் அப்பாவின் கட்சி. அம்மாவின் மண் வீட்டில் எனக்கு இடமே இல்லை. அப்பாவின் வீட்டிலோ நான் கேட்டவுடனே அக்காவின் அறைக்குப் பக்கத்தில் எனக்கென்று நாலாவது அறை வந்துவிட்டது. அடுத்து சாமியறை. அதற்கடுத்து மாப்பிள்ளை வீட்டார் வந்தால் தங்க ஓர் அறை. கார் நிறுத்த முன்னுக்கு ஒரு போர்ட்டிக்கோ. ஊரில் அப்போது ஓடிய கார்களுக்கே பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு போயின. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுத் தாள், புது முளை. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடம், எங்கள் வீட்டில் ஆறு அறை என்று அளந்தேன். சொன்னது பொய்யில்லை, முளைகள் நின்றன.

வீட்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. கயிற்றைத் தாண்டக்கூடாது. வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளியால்தான் போகவும் வரவும் வேண்டும். ஒருநாள் பின்னேரம் நாலு பேரும் ஹோலில் நின்று யன்னலை எங்கே வைப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தபோது குண்டு போடுகிற பொம்மர் வந்தது. அம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, குசினிச் சுவரையும் சாமியறைச் சுவரையும் அறுத்துக்கொண்டு பக்கத்து வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடினாள். அக்கா பின்னால் ஓடிவந்தாள். அப்பா மட்டும் முன்வாசலால் வெளியேறி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து கடைசியாக உள்ளே குதித்தார். குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. வெளியே வந்ததும் அவர் செய்த முதல் வேலை அறுந்த கயிறுகளை முடிச்சுப் போட்டதுதான்.

“வாசல் இருக்கேக்கை ஆரும் சுவரை உடைச்சுக்கொண்டு ஓடுவினமோ?” என்று அம்மாவைக் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொம்மருக்குப் பயந்ததைவிட அன்றைக்கு அவள் அப்பாவுக்குத்தான் அதிகம் பயந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

கார்த்திகை மழைக்குச் சில முளைகள் துளிர்த்தன. வேலிக்கு நடுகிற கிளுவைத் தடியை வெட்டி அப்பா முளையாக அடித்திருந்தார், அது சும்மா இருக்குமா? என் அறைச் சுவரில் இலை விட்டிருந்தது. வேலிக்காவது உதவும் என்றாள் அம்மா. அப்பா துளிர்த்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் காய்ந்த பனஞ்சிலாகையைச் சீவி அடித்தார். அந்த மழைக்குள் நனைந்துகொண்டு அடித்தார்.

மார்கழி பிறந்தது. தைக்கு இன்னும் ஒரு மாதம். அன்றைக்கு அப்பா ஹோலின் மூலையில் நெருக்கமாக நாலு முளை அடித்தார்.

“உது என்ன?” என்று அம்மா கேட்டாள்.

“மேல்மாடிக்குப் படி.”

அம்மா அப்படியே ஈர மண்ணில் குந்திவிட்டாள். சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவினாள். நான் அதற்குள் மேல்மாடியில் ஏறி நின்று நெல்லியடி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் கடைசியில் மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும், வீடு எந்தளவில் நிற்கிறது என்று பார்க்க வந்தார்கள். மாமன் சைக்கிளை மிதிக்க, அந்த அம்மா கரியரில் இருந்து வல்லை வெளிக் காற்றோடு மாரடித்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் அம்மா பனங்கட்டியோடு தேநீரைக் காணிக்கே கொண்டுவந்தாள். அக்கா பெரியம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அந்த அம்மா நேரே நடந்து வந்து கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

“மாமி, உது சுவர். இஞ்சாலை வாசல் கிடக்கு” என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்தபடியே அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரிக்காமல் வாசலைக் கைகாட்டி நின்றார். அந்த அம்மாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. சுற்றிப் போய் வாசலால் வந்தார். அப்பா ஒவ்வோர் அறையாகக் கூட்டிக்கொண்டு போய், காற்று வரும் திசை, யன்னலின் அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் விளக்கினார். அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பங்குக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“முதல் மூண்டறைதான் மாமி இருந்தது. சீமெந்து வராதெண்டாப்பிறகு அப்பா ஆறாக்கினவர். மேல்மாடியும் வரப்போகுது.”

மாமன் தேநீரைக் கீழே வைத்தார்.

“அண்ணை, மண்ணாலையெண்டாலும் சின்னனா ஒண்டு போட்டிருக்கலாமே. நாங்கள் கல்வீடோ கேட்டனாங்கள்?”

“அரைகுறை வேலை எனக்குச் சரிவராது” என்றார் அப்பா.

புறப்படும்போது அந்த அம்மா அக்காவின் கன்னத்தில் கைவைத்து வெகுநேரம் நின்றார். கலியாணம் உறுதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. துள்ளிக்கொண்டு திரிந்தேன்.

தை பிறந்து நாலைந்து நாளில் மாமன் தனியாக வந்தார். பெரியம்மா வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே அம்மாவோடு கதைத்தார்.

“குறை நினையாதேங்கோ தங்கச்சி. பெடியனுக்கு வேறை இடத்திலை சரிவந்திட்டுது.”

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. வீடில்லாததற்காக அவர்கள் விலகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணின் தகப்பனுக்கு மனம் பிசகிவிட்டது, அது அந்தக் குடும்பத்தில் யாருக்குத் தொற்றுமோ என்றுதான் அவர்கள் பயந்திருக்க வேண்டும். அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்தான். ஆனால் அவ்வளவு தெளிவாக எடுத்துக் காட்டியது என் வாய். இதைப் பிறகு எத்தனையோ வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்கு வேறு வரனும் வந்து அமையவில்லை.

அன்று பின்னேரம் அக்கா காணிக்கு வந்தாள். வாசலால் நுழைந்து ஹோலைக் கடந்து தன் அறைக்குள் போய் நடுவில் நின்றாள். நான் பக்கத்தில் என் அறையில் நின்றேன். அவளுடைய கண் வீங்கியிருந்தது. சளி பிடித்த தடிமனாக்கும் என்று நினைத்தேன்.

“என்ரை அறையையும் நீயே எடு” என்றாள்.

“உண்மையாவோ?”

“ஓம். எனக்கு இனி வேண்டாம்.”

நான் அப்பாவிடம் ஓடினேன். அவர் மேல்மாடிப் படியடியில் குந்தியிருந்தார். அக்கா தன் அறையை எனக்குத் தந்துவிட்டாள், இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு வைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். நான் எதைக் கேட்டாலும் உடனே பென்சிலைத் தேடுகிறவர் அன்றைக்குத் தேடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பலகை கிடைக்காது போலிருக்கிறது, அதுதான் அப்பாவுக்குக் கவலை என்று நினைத்தேன். கதவில்லாவிட்டாலும் பரவாயில்லை அப்பா என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.