சைவ வீட்டில் இரண்டாவது பூச்சை

எங்கள் வீட்டில் மனைவியும் நானும் சைவம். பூச்சை மட்டும் அசைவம். பூனையைச் சுசீந்திரத்தில் நாங்கள் பூச்சை என்றுதான் சொல்லுவோம். மணக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிற அக்கா, புறவாசலில் துணி துவைக்கும் கல்லின்மேல் நாலைந்து சாளையைப் போட்டுவிட்டுப் போவார். மீனுக்கும் எங்களுக்கும் உள்ள சம்பந்தம் அந்தக் கல்லோடு முடிந்தது. தெருவே சைவத் தெரு என்பதால் கல்லையும் மனைவி உடனே கழுவிவிடுவாள்.

பூச்சைக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. மனைவி “ஏட்டி” என்று குரல் கொடுத்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்கும். நான் “ஏட்டி” என்று கூப்பிட்டால் மனைவிதான் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து கூப்பிடுவதை விட்டுவிட்டேன். இந்த ஆறு வருடத்தில் அது ஒருநாளாவது என் மடியில் உட்கார்ந்ததில்லை. அதன் கணக்கில் நான் கதவு திறக்கிற ஆள். மழை நாளில் அந்த வேலையைக்கூட நான் சரியாகச் செய்வதில்லை என்ற குறை அதன் முகத்தில் தெரியும்.

அப்படியிருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை மீன்கார அக்கா ஹெல்மெட்டைத் தலையில் வைக்காமல் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு குட்டி. மஞ்சளும் வெள்ளையுமாக, உள்ளங்கை அளவுக்கு.

“கடப்புறத்துல கெடந்துது அண்ணாச்சி. நாய் கண்டா விடாது. நீங்க வச்சிக்கிடுங்க.”

நான் பதில் யோசிப்பதற்குள் குட்டி என் சட்டையைப் பிடித்து ஏறிவிட்டது. பிறகு நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் என் வயிற்றின் மேல் சுருண்டு தூங்கியது. பணி ஓய்வுக்குப் பிறகு நான் கஷ்டப்படாமல் வளர்த்தது அந்த வயிறு ஒன்றுதான். அதற்கும் ஒரு பயன் வந்துவிட்டதே என்று நான் அசையாமல் இருந்தேன். மூத்திரம் முட்டியபோதும் அசையவில்லை.

மனைவி வந்து பார்த்தாள். “இது அவளுக்க வீடு. அவகிட்ட கேட்டியளா?”

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் இதுதான்: மூத்தவள், அதாவது எங்கள் பழைய பூச்சை, வந்து குட்டியை ஒருமுறை மோந்தாள், பாம்பு மாதிரி சீறினாள், பீரோவின் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மீனைக் கல்லில் போட்டாலும் இறங்கவில்லை. கிண்ணத்தில் பாலை வைத்து மேலே நீட்டினால் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். பால் என் தலையில்.

மறுநாள் மனைவி தீர்ப்பு சொன்னாள். “ஞாயித்துக்கிழம மீன் வண்டி வரும்போ அவ இறங்கித் திங்கணும். இல்லேன்னா வந்த ஹெல்மெட்டுலயே அவன் திரும்பிப் போணும். ஒருத்தனுக்காண்டி எனக்க பிள்ளையப் பட்டினி போட முடியாது.”

இத்தனை வயதுக்குப் பிறகு என்னைத் தேடி வந்து மேலே ஏறிப் படுக்கிற ஒரு ஜீவன் கிடைத்திருக்கிறது. அதையும் ஹெல்மெட்டில் அனுப்ப வேண்டுமா?

ஃபோனை எடுத்து வாசித்தேன். புதுப் பூச்சையைத் தனி அறையில் வைக்க வேண்டும், பைய பைய வீட்டுக்குள் விட வேண்டும் என்று இருந்தது. கம்ப்யூட்டர் அறையைக் குட்டிக்கு ஒழித்துக் கொடுத்தேன். ஒரு துணியால் புதியதைத் துடைத்து மூத்ததன் பக்கத்தில் போட்டால் மணம் பழகிவிடும் என்றும் இருந்தது. கைக்கு அகப்பட்டது என் தோளில் கிடந்த துவர்த்துதான். குட்டியை நன்றாகத் துடைத்தேன். துடைத்தவன், பழக்க தோஷத்தில், துவர்த்தை உதறித் தோளில் போட்டு முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டேன். பீரோ அருகே போனதும் மூத்தவள் என்னைப் பார்த்துச் சீறினாள். அதுவரை அவளுக்குக் குட்டிதான் ஆகாது. அன்றுமுதல் நானும் ஆகாது.

சனிக்கிழமை மீன்கார அக்காவிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார்.

“இதுக்கா அண்ணாச்சி இந்த வெப்ராளம்? சாளை கழுவுன தண்ணி ரெண்டு சொட்டு எடுத்து குட்டிக்க முதுகுல பைய தடவுங்க. மூத்தது வந்து நக்கும். நக்கிற்றுன்னா பின்ன அவளுக்க பிள்ளைதான்.”

ஒரு பாத்திரத்தில் சாளையைப் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரைத் துவைக்கிற கல்லின் அடியில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மனைவி கோயிலுக்குப் புறப்பட்டதும் குட்டியைப் புறவாசலுக்குத் தூக்கிவந்து நான் வேலையைத் தொடங்கினேன். சாம்பாருக்கு எவ்வளவு காயம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். மீன் தண்ணீருக்கு இரண்டு சொட்டு என்றால், கேட்கவே கஞ்சத்தனமாக இருந்தது. எனக்குத் தெரிந்த தடவல் தீபாவளிக்கு எண்ணெய் தேய்ப்பது ஒன்றுதான். எனவே அந்த முறைப்படியே உச்சியில் வைத்து, காதுக்குப் பின்னால், முதுகு, நாலு கால், வால் நுனிவரை அழுத்தித் தேய்த்தேன். பாத்திரம் காலியானது. பாதி குட்டிமேல், பாதி என்மேல். மிச்சத்தைத் துவர்த்து குடித்தது.

குட்டி திமிறிக்கொண்டு துவைக்கிற கல்லில் ஏறி நின்றது. ஈரத்தில் எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. மேற்கே வயல்பக்கமிருந்து நல்ல காற்று. அந்தக் காற்று எங்கள் புறவாசலின் சங்கதியைத் தெரு முழுக்கக் கொண்டுபோயிற்று.

முதலில் மதில்மேல் ஒரு கறுப்புத் தலை. பிறகு ஒரு சாம்பல். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சைவத் தெருவில் இத்தனை அசைவம் குடியிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியாக, தேங்காய் அளவு தலையும் கிழிந்த காதுமாக ஒரு கடுவன் பூச்சை வந்து மதிலில் உட்கார்ந்து குட்டியையே பார்த்தது.

அடுத்த வீட்டு அம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, “அண்ணாச்சி, மீன் மணம் உங்க வீட்டுலயா? அக்கா கோயிலுக்குப் போன நேரம் பாத்து சட்டி வச்சிட்டியளோ?” என்றாள்.

“இல்லம்மா, பூச்சைக்குத் தேச்சிவிட்டேன்!”

“என்னத்த?”

விளக்கம் சொல்ல நேரமில்லை. கடுவன் குதித்துவிட்டது. துவர்த்தைச் சுழற்றி விரட்டினேன். துவர்த்தின் மணத்துக்கு மதிலிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். குட்டி கல்லின் ஓரத்துக்குப் பின்வாங்கிக் கீச்சென்று கத்தியது.

அப்போது என் கால்களுக்கிடையில் ஏதோ பாய்ந்தது. மூத்தவள். பீரோவிலிருந்து எப்போது இறங்கினாள் என்று தெரியாது. கல்லில் ஏறி, குட்டிக்கு முன்னால் நின்று, உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு, கடுவன் மூக்கில் ஓர் அறை விட்டாள். சத்தம் எனக்கே கேட்டது. கடுவன் வந்த வழியே போனது. மற்றவர்கள் மதிலில் இருந்தபடியே, சும்மா காற்று வாங்க வந்தவர்கள்போல, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மூத்தவள் திரும்பிக் குட்டியைப் பார்த்தாள். முறைக்காக ஒரு சீறல். பிறகு ஒரு காலால் அதன் கழுத்தை அமுக்கிப் பிடித்து நக்கத் தொடங்கினாள். தேய்த்தது தீபாவளித் தேய்ப்பல்லவா? நக்க நக்கத் தீரவில்லை.

மனைவி உள்ளே வருவதற்கு முன் அவள் குரல் வந்தது. “சவம்! என்ன நாத்தம் இது?” புறவாசலுக்கு வந்தவள் கல்லைப் பார்த்ததும் நின்றாள். பிரசாத இலை கையிலேயே இருந்தது.

“அவனை நக்குகாளே…”

“ஆமா. அப்போ ஹெல்மெட்டு?”

“ஹெல்மெட்டு கெடக்கட்டும். இஞ்ச வாருங்க… ஐயோ, வேண்டாம், அங்கயே நில்லுங்க!”

சோப்பு, சீயக்காய், புளி, எலுமிச்சை எல்லாம் போட்டுக் குளித்தேன். போகவில்லை. குட்டி காலி செய்த கம்ப்யூட்டர் அறையில் எனக்குப் பாய் போடப்பட்டது. தோசைத் தட்டு வாசற்படிவரைதான் வந்தது.

“இது என்ன நியாயம்?” என்றேன் உள்ளிருந்து.

“தனி அறையில வச்சி, பைய பைய வீட்டுக்குள்ள விடணும்னு நீங்கதானே ஃபோனுல வாசிச்சிய?”

கதவடியில் ஒரு மஞ்சள் கால் நுழைந்து துழாவியது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய கால். கதவைத் திறந்தேன். கதவு திறக்கிற ஆள்தானே. மூத்தவள் உள்ளே வந்து, என்னைச் சுற்றி நடந்து, மடியில் ஏறி உட்கார்ந்து, என் புறங்கையை நக்கத் தொடங்கினாள். உப்புத்தாள் மாதிரி நாக்கு. எரிந்தது. நான் அசையவில்லை. குட்டி என் வயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளோடு ஒட்டிக்கொண்டு படுத்தது.

மனைவி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நக்கிற்றாளா? சரி, அப்போ நீங்களும் இந்த வீட்டுலயே இருந்துக்கிடுங்க.”